இத்தாலிய ஓபரா பாட சியோலிலிருந்து எங்கே போவது?

கொரியாவில் முதன்முதலாக மேடையேறிய ஓபரா, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ட்ராவியாட்டா'. 1948 ஜனவரி, சியோல் நகரம். அதே ஓபராவை 2007 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடத்தியபோது நாயகி வியோலெட்டாவாகப் பாடியவர் ஹோங் ஹே-கியங். நாயகன் அல்ஃப்ரெடோவாகப் பாடியவர் கிம் வூ-கியங். இருவருமே கொரியர்கள். நடுவில் கழிந்தது 59 ஆண்டு. அதற்குள் எத்தனையோ பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சியோலிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். ஒருத்தி ரோமுக்கு, ஒருத்தி நியூயார்க்குக்கு, இன்னொருத்தி ஜெர்மனிக்கு.

இன்றும் சியோலில் இசைக் கல்லூரி முடித்த 23, 24 வயதுப் பெண் முன்னால் இந்த மூன்று வழிகளும்தான் நிற்கின்றன. வெர்டி, புச்சினி, தோனிசெட்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளர்களைப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கே போவது? ஏற்கெனவே போனவர்களின் கதையை வைத்து மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். அரங்கின் பேரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் பார்க்க வேண்டியது தன் குரலின் எடை. அந்தக் குரல் எத்தனை வயதில் பழுக்கும் என்பதுதான் எந்த ஊர் என்பதைச் சொல்லும்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சோப்ரானோ என்றால் பெண் குரலில் உச்ச ஸ்தாயி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளேயே பல வகை உண்டு. கொலரத்தூரா என்பது மெல்லிய, மேலே மேலே ஏறி, பிருகா மாதிரி வேகமாக உருளும் குரல். 'ரிகோலெட்டோ'வின் ஜில்டா, 'லூசியா' எல்லாம் அதற்கு எழுதியவை. லிரிக் குரலுக்கு 'லா போஎம்' ஓபராவின் மிமி, 'துராந்தோத்' ஓபராவின் லியூ. ஸ்பின்டோ என்பது இன்னும் கனமானது. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும்போது அதைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். ஐடா, 'மடாமா பட்டர்ஃபிளை'யின் சோ-சோ-சான் போன்ற பாத்திரங்கள் அந்தக் குரலுக்கு. மெல்லிய குரல் இருபத்தைந்துக்கு முன்பே மேடைக்குத் தயாராகிவிடலாம். கனமான குரல் முப்பதைத் தாண்டித்தான் கனியும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

முதலில் இத்தாலி.

எல்லோரும் சொல்லும் உதாரணம் சோப்ரானோ சுமி ஜோ. 1981-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பை முடிக்காமலே 1983-ல் ரோமின் சாந்தா செசிலியா இசைக் கல்லூரிக்குப் போனார். 1985-ல் பட்டம். 1986-ல் வெரோனாவில் நடந்த ஒரு போட்டியில் முதல் பரிசு. அதே ஆண்டு அக்டோபரில் த்ரியெஸ்தே நகரின் வெர்டி அரங்கில் ஜில்டாவாக முதல் மேடை. 1988-ல் மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கு, 1989-ல் மெட்ரோபாலிட்டன். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கராயான் அவர் குரலைக் கேட்டு, 1989 சால்ஸ்பர்க் விழாவில் வெர்டியின் 'ஊன் பல்லோ இன் மாஸ்கெரா'வில் ஆஸ்கர் என்ற சிறுவன் பாத்திரத்தைக் கொடுத்தார். ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஜூலை மாதத்தில் கராயான் காலமானார். விழாவில் அதை நடத்திக் கொடுத்தவர் இன்னொரு நடத்துநர், ஜார்ஜ் ஷோல்டி. கராயானோடு முன்பே செய்த ஒலிப்பதிவு இருக்கிறது. ஆஸ்கரின் பாட்டுகளைக் கேட்டால் அந்த வயதிலேயே எவ்வளவு துல்லியம் என்று மலைத்துப்போவோம்.

ரோமில் இறங்கியதிலிருந்து மூன்றே ஆண்டில் மேடை. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பல பெற்றோர் பெண்ணை இத்தாலிக்கு அனுப்பத் துணிகிறார்கள். ஆனால் சுமி ஜோ கொலரத்தூரா. அந்தக் குரலுக்கு அது சீக்கிரமே கைகூடும். போதாததற்கு பியானோவிலும் தேர்ந்தவர். ரோமில் பாட்டோடு அதற்கும் சேர்த்தே பட்டம் வாங்கினார். ஸ்கோரை, அதாவது இசைக் குறிப்பை, பார்த்ததும் வாசிக்கத் தெரிந்தவளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லோருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து அமையாது.

அதனால் நான் இன்னொருவரைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். விட்டோரியா யோ. கொரியாவில் யோ ஜி-வோன். 2005-ல் இத்தாலி போனார், பார்மா கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) படித்தார், மோதெனாவில் பல்கேரியப் பாடகி ராய்னா கபாய்வான்ஸ்காவிடம் பயின்றார். உலகம் அவர் பெயரைக் கேட்டது 2015-ல். இத்தாலிய நடத்துநர் ரிக்கார்டோ மூட்டி சால்ஸ்பர்க் விழாவில் வெர்டியின் 'எர்னானி'யில் எல்விராவாகப் பாட அவரைத் தேர்ந்தெடுத்தார். பத்து ஆண்டு! 2017-ல் அதே விழாவில் மூட்டியின் 'ஐடா'. பெரும்பாலான இரவுகளில் ஐடாவாகப் பிரபல பாடகி அன்னா நெத்ரெப்கோ, கடைசி இரவுகளில் விட்டோரியா யோ. லிம் சே-கியங்கின் பாதையும் கிட்டத்தட்ட இதுதான். மிலானில் பயின்றவர், 2015-ல் வெரோனாவின் திறந்தவெளி அரேனாவில் ஐடாவாகப் பாடினார். ரோமானியர் கட்டிய அந்த வட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அந்தப் பாத்திரத்தைப் பாடுவது, இத்தாலிக்காரிகளுக்கே வாழ்நாள் கனவு. கனமான குரலுக்கு இத்தாலி கேட்கும் விலை பொறுமை. இந்த இருவர் கதையிலும் அதுதான் தெரிகிறது.

அப்படியானால் அந்தப் பத்து ஆண்டில் இத்தாலி என்ன கொடுக்கிறது? மொழி. இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

கொரியக் கல்லூரிகளில் இத்தாலியப் பாட்டு சொல்லித் தராமல் இல்லை, நுழைவுத் தேர்விலேயே கேட்கிறார்கள். உச்சரிப்பு வகுப்பும் உண்டு. ஆனாலும் கொரிய வாய்க்கு இத்தாலியம் சில இடங்களில் முரண்டு பிடிக்கும். கொரிய மொழியில் 'ர', 'ல' இரண்டுக்கும் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். உதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'வ' ஒலி இல்லை, எஃப் ஒலியும் இல்லை. விட்டோரியா என்ற பெயரையே கொரியாவில் 'பிட்டோரியா' என்றுதான் எழுதுகிறார்கள். சொந்த மொழியில் இல்லாத ஒலியில் தொடங்கும் பெயரை ஒரு பெண் தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டாள் என்பது என்னை நெகிழ வைக்கிற விஷயம். (சுமி ஜோவின் இயற்பெயரும் ஜோ சு-கியங்தான். வெளிநாட்டவர் வாயில் நுழைய வேண்டும் என்று சுமி ஆனார்.)

ஒற்றெழுத்து இன்னொரு தொல்லை. இத்தாலியத்தில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. நமக்குப் படம், பட்டம் மாதிரி. தமிழ் காதுக்கு இது உடனே பிடிபடும். பாட்டில் அந்த இரட்டை மெய்யில் ஒரு கணம் நின்றுதான் அடுத்த உயிருக்குத் தாவ வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் வெர்டியின் தாளமே இருக்கிறது. இதை வகுப்பில் எழுதி வைத்துப் பாடினால் எழுதி வைத்துப் பாடிய மாதிரியே இருக்கும். காய்கறிக் கடையில் பேரம் பேசி, வீட்டுக்காரரிடம் வாடகைக்குச் சண்டை போட்டு, பேருந்தில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு வாயில் ஊறினால்தான் அது பேச்சாக வரும். வெர்டியைப் பாடுவது பாதி பேசுவது. மூட்டி போன்ற நடத்துநர்கள் சொல்லுக்குச் சொல் மல்லுக்கட்டுவதும் அதனால்தான்.

இத்தாலியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு கன்சர்வேட்டரிகளில் கட்டணம் குறைவு, ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோவுக்குள் முடிந்துவிடும். பிரச்சினை படிப்பு முடிந்த பிறகு. இத்தாலிய அரங்குகள் பாடகிகளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு ஓபராவுக்கும் தனித்தனி ஒப்பந்தம். பணம் பாடிய இரவுகளுக்கு மட்டும். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, நிகழ்ச்சி அன்று காய்ச்சல் வந்தால் அன்றைய காசு போச்சு. பாடிய காசே பல மாதம் கழித்து வரும் என்பது அங்கே பழகிப்போன புகார். நடுவில் வேலையில்லாத மாதங்களுக்கு வாடகையைச் சேர்த்து வைக்க வேண்டும். அப்புறம் விசா. வருமானம் ஒழுங்காக வராதவர்களுக்கு அதைப் புதுப்பிப்பதே ஒரு மன உளைச்சல்.

ரசிகர்களும் கருணை காட்டமாட்டார்கள். லா ஸ்காலாவின் உச்சி மாடத்தில் உட்காரும் லொஜ்ஜியோனேக்காரர்கள் பிடிக்காவிட்டால் கூச்சலிடுவார்கள். 2006-ல் 'ஐடா' நடந்துகொண்டிருக்கும்போதே பாடகர் ரொபெர்ட்டோ அலான்யா மேடையை விட்டு இறங்கிப் போனது அந்தக் கூச்சலால்தான். பார்மா ரசிகர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஒன்று, அங்கே கைதட்டல் கிடைத்தால் அது சொல்லைக் கவனித்துக் கேட்டவர்களின் கைதட்டல்.

ரோமுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. சாந்தா செசிலியா என்ற பெயரில் அங்கே ஒரு கன்சர்வேட்டரியும் இருக்கிறது, ஓர் அகாடமியும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். முன்னது பட்டம் தரும் கல்லூரி. பின்னது பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்திருக்கும் பழைய அமைப்பு, அதில் தனியாக மேற்பயிற்சி வகுப்புகள் நடக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் எதற்கு விண்ணப்பம் போடுகிறோம் என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் வழி இதற்கு நேர் எதிர். ஹோங் ஹே-கியங் 15 வயதிலேயே நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளிக்குப் போனவர். 1982-ல் மெட்ரோபாலிட்டன் நடத்தும் தேசியத் தேர்வில் வென்றார். 1984-ல் மோட்சார்ட்டின் 'லா கிளமென்ஸா தி தீத்தோ'வில் செர்விலியாவாக அந்த மேடையில் ஏறினார். பிறகு பல பத்தாண்டுகள், முந்நூறு முறைக்கு மேல், அதே மேடை. மிமி, லியூ, வியோலெட்டா எல்லாம் அங்கேயே. மூன்று பிள்ளைகளை நியூயார்க்கிலேயே வளர்த்தார். ஊர் ஊராகப் பெட்டி தூக்காமல் ஒரு சோப்ரானோ குடும்பத்தையும் பாட்டையும் ஒரே ஊரில் நடத்த முடிந்தது என்றால், இந்தத் தொழிலில் அது பெரிய கொடுப்பினை. ஷின் யோங்-ஓக்கும் இதே பாதைதான். ஜூலியார்ட், 1990-ல் அதே தேர்வில் வெற்றி, அடுத்து அதே மேடையில் ஜில்டா.

இந்த வழியின் பலம் வரிசை தெளிவாக இருப்பது. பள்ளி, தேர்வு, இளம் கலைஞர் திட்டம், மேடை என்று படி படியாக இருக்கிறது. மெட்ரோபாலிட்டனின் லிண்டெமன் இளம் கலைஞர் திட்டம் 1980-லிருந்து இருக்கிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் இத்தாலிய உச்சரிப்புக்கு, பாத்திரத்துக்கு, நடிப்புக்கு என்று தனித்தனிப் பயிற்சியாளர்கள். பாக் ஹே-சாங் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜூலியார்ட், பிறகு அந்தத் திட்டம் என்று வந்து, 2020-ல் டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்.

பலவீனமும் தெளிவாகவே இருக்கிறது. காசு. ஜூலியார்டில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். நியூயார்க் வாடகை தனி. உதவித்தொகை இல்லாமல் நடுத்தரக் குடும்பம் இதை யோசிக்கவே கூடாது என்பேன். வீட்டை அடகு வைத்து அனுப்பினால், ஒவ்வொரு ஆடிஷனிலும் அந்தக் கடன் அவள் தொண்டையில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, மெட்ரோபாலிட்டன் சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட பெரும் அரங்கு. லா ஸ்காலாவில் ஏறக்குறைய அதில் பாதி. இளம் குரல் அந்த வெளியை நிரப்ப முயன்று அழுத்த ஆரம்பித்தால் அழகு போய்விடும். மேலும், படியில் ஒன்று தவறினால் அடுத்த படி பக்கத்தில் இல்லை. ஒரு சிறு ஊர், அதற்கொரு அரங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் ஐரோப்பா அளவுக்குக் கிடையாது.

அந்த ஏற்பாடு நிரம்பி வழிவது ஜெர்மனியில். அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் 'ஃபெஸ்ட்' ஒப்பந்தம். காய்ச்சல் வந்தாலும் சம்பளம் வரும், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றால் அக்டோபர் 31-க்குள் நிர்வாகம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்குத் தானாக நீளும். இத்தாலியில் தனியாகப் போராடுபவளுக்கு இது சொர்க்கம் மாதிரித் தெரியும். அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வேலை தேடித் தரவும் அரசாங்கத்தின் கலைஞர் வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, பாடகியிடம் கமிஷன் கேட்காது.

ஹ்வாங் சு-மி இந்த வழியில் வந்தவர். சியோலில் படித்து மியூனிக்கில் தொடர்ந்தார். 2014-ல் பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. அந்த ஆண்டிலிருந்து 2018 வரை பான் நகர ஓபராவில் நிலையான பாடகி. 2018-ல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கீதம் பாடியவரும் அவர்தான். பரிசு வாங்கிய கையோடு உலகம் சுற்றாமல் ஒரு நடுத்தர ஊரின் அரங்கில் உட்கார்ந்து பாத்திரங்களைக் கற்றது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஒரு பருவத்தில் ஐந்தாறு பாத்திரங்கள் கைவசமாகும். இத்தாலியில் ஐந்து ஆண்டு காத்திருந்தாலும் அத்தனை மேடை கிடைப்பது அரிது.

ஆனால் நம் கேள்வி இத்தாலிய ஓபரா. ஜெர்மன் அரங்கில் இன்று மிமி, நாளை குழந்தைகளுக்கான நாடகம், மறுநாள் ஒரு ஓபரெட்டா (இலகுவான ஓபரா), அடுத்து ஒரு புதிய ஜெர்மன் படைப்பு. கொடுத்த பாத்திரத்தை மறுக்க முடியாது. தெருவில், ஒத்திகையில், அலுவலகத்தில் எல்லாம் ஜெர்மன். இத்தாலியம் மறுபடியும் எழுதி வைத்துப் பாடும் மொழியாகிவிடும். குரலும் களைக்கும். கனமான குரல் உள்ளவளுக்கு முப்பதுக்கு முன்பே பெரிய பாத்திரம் கொடுத்துவிடுவார்கள், ஆள் இல்லை என்பதால். வேண்டாம் என்று சொல்லும் துணிவு புதிதாக வந்தவளுக்கு இருக்காது. இன்னொரு கிளைப்பாதையும் இருக்கிறது. ஜெர்மன் அரங்குகளின் கோரஸ்களில், அதாவது கூட்டாகப் பாடும் குழுக்களில், கொரியக் குரல்கள் ஏராளம். நிலையான வேலை, மதிப்பான வாழ்க்கை. குடும்பத்தோடு அங்கேயே வேர்விட்டவர்கள் நிறைய. அதை விரும்பிப் போவது வேறு, தனிப்பாடகியாகும் ஆசையோடு போய் தற்காலிகம் என்று நினைத்து அதற்குள் நுழைவது வேறு. இரண்டாவது வகையில் வெளியே வருவது கடினம்.

சியோலிலேயே இருந்துகொண்டு போட்டிகளுக்கு மட்டும் பறந்து வருவது நான்காவது வழி. 1962-ல் தொடங்கிய தேசிய ஓபரா இருக்கிறது, 2003-லிருந்து தேகு ஓபரா அரங்கு இருக்கிறது. ஆனால் நிலையான தனிப்பாடகர் குழு வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாய்ப்புகளை நம்பி யாரும் வளர முடியாது. இதை ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

சரி, யாருக்கு எது?

பிருகா சரளமாக உருளும் மெல்லிய குரல், 23 வயது, முழு உதவித்தொகை கையில் இருந்தால் நியூயார்க். அதே குரல், உதவித்தொகை இல்லையென்றால் ஜெர்மனி, ஆனால் நேராக அல்ல. முதலில் ஓர் ஆண்டாவது இத்தாலியில் இருந்து, மொழியை வாயில் ஏற்றிக்கொண்டு, பிறகு வடக்கே போகட்டும். ஜில்டா, அதினா, நொரினா போன்ற மெல்லிய குரல் பாத்திரங்களைப் பாட ஜெர்மன் அரங்குகளில் எப்போதும் ஆள் தேவை. இத்தாலியம் பேச்சாக வரும் பெண் அந்த ஆடிஷனில் மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரிவாள்.

லிரிக் குரலுக்குத்தான் முடிவெடுப்பது மிகவும் சிரமம். அங்கே நான் குடும்ப நிலையைப் பார்ப்பேன். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பெண் இத்தாலிக்குப் போய்க் கஷ்டப்படக் கூடாது. அவளுக்கு ஜெர்மனியின் மாதச் சம்பளம்தான் சரி.

ஸ்பின்டோவாகக் கனியும் அறிகுறி உள்ள குரலுக்கு என் பதில் இத்தாலி, அதிலும் ரோமையோ மிலானையோ விட பார்மா, மோதெனா மாதிரிச் சின்ன ஊர். வாடகை குறைவு, பக்கத்திலேயே வெர்டி பிறந்த ரொன்கோலே, புஸ்ஸெத்தோ, ஊர்க்காரர்களுக்கே பாட்டு தெரியும். முப்பது வயது வரை சின்னப் பாத்திரங்கள், தேவாலயக் கச்சேரிகள், வகுப்பெடுத்துக் கிடைக்கும் காசு என்று ஓட்டத் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். ஆசிய முகத்தைப் பார்த்ததும் எல்லா ஏஜென்ட்டும் முதலில் நீட்டுவது ஜப்பானியப் பெண் சோ-சோ-சானைத்தான், கனமான அந்தப் பாத்திரத்தை 26 வயதில் ஏற்றுக்கொண்டால் குரல் சீக்கிரம் தேய்ந்துவிடும். விட்டோரியா யோவை மூட்டி சால்ஸ்பர்க்குக்கு அழைத்துப் போனது எல்விராவாக, பிறகு ஐடாவாக. ஒருத்தி ஸ்பெயின்காரி, இன்னொருத்தி எத்தியோப்பிய இளவரசி.

மிலானில் இன்னொரு மாற்றமும் வருகிறது. 2027-லிருந்து லா ஸ்காலாவின் இசை இயக்குநராகக் கொரிய நடத்துநர் சுங் மியோங்-ஹுன் பொறுப்பேற்கிறார். அந்தப் பதவிக்கு வரும் முதல் ஆசியர். கொரியர் என்பதற்காகக் கொரியக் குரல்களை அவர் எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்து யாரும் டிக்கெட் போட வேண்டாம். ஆனால் இந்த ஆண்டு பார்மாவில் முதல் வகுப்பில் உட்காரும் 24 வயதுப் பெண்ணுக்கு, ஒத்திகை அறையில் தன் தாய்மொழியில் ஒரு சந்தேகம் கேட்கக்கூடிய இயக்குநர் லா ஸ்காலாவில் இருப்பார்.